ஆறாயிரம் பவுண்டுத் தேர்

டிசம்பர் இருபத்தொன்பதாம் நாள், ஒக்லஹோமாவின் ஹார்லன் க்ரீக் ஊரில், பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துப் பிழைக்கும் லீலண்ட் ப்ரூயிட் ஒரு மலையை விலைக்கு வாங்கினார். சூல்கொண்ட கருமுகில் ஒன்று நான்கு சக்கரங்களின் மேல் இறங்கி நின்றாற்போன்ற வண்டி அது. எட்டுப் பேர் அமரலாம். காளைகள் நிற்கும் கூண்டுவண்டியைப் பின்னால் கட்டி இழுக்கலாம். அவருடைய தொழிற்கருவிகளோ ஓர் இசைக்கவை, ஒரு சுருதிச் சாவி, சில கம்பளித் துண்டுகள். மூன்றும் சாப்பாட்டுப் பெட்டி அளவேயான தோல்பைக்குள் அடங்கிவிடும். பின்னிருக்கையில் வைத்த அந்தப் பை, பெருங்கோயில் மண்டபத்தில் தனித்துக் கிடக்கும் பூவிதழ்போல் கண்ணுக்கே தெரியவில்லை.

வாங்க வைத்தவர் அவருடைய மனைவியின் அண்ணன், கூரை போடும் தொழில் செய்யும் ராய்ஸ் ஹேட்லி.

"மாப்பிள்ளை, சின்னக் கார் வாங்கினா வரிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். சரக்கோட சேர்த்து ஆறாயிரம் பவுண்டுக்கு மேல தாங்குற வண்டி வாங்கு. தொழிலுக்குன்னு சொல்லு. போட்ட காசுல பெரும்பங்கை இந்த வருஷ வருமானத்துலயே கழிச்சுக்கலாம். வருஷம் முடியறதுக்குள்ள ஓட்டிடணும், அவ்வளவுதான்."

"என் பை மொத்தமே மூணு பவுண்டு மச்சான்."

"பையோட எடையை யாரு கேட்டா? வண்டியோட எடையைத்தானே கேக்கறாங்க!"

உழவரும் தச்சரும் தங்கள் பாரவண்டிகளைப் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று கருணையோடு இயற்றப்பட்ட சட்டம். அதன் நிழலில் ஹார்லன் க்ரீக்கின் பல் மருத்துவரும், வீட்டுத் தரகரும், நாய்களுக்கு முடி வெட்டுபவரும் ஏற்கெனவே கூடாரம் அடித்திருந்தார்கள். ஆண்டின் கடைசி வாரம் வந்துவிட்டால் வண்டிச் சந்தையில் திருவிழாக் கூட்டம். லீலண்ட் மட்டும் ஏன் வெயிலில் நிற்க வேண்டும்? ஏப்ரலில் வரி கட்டவென்று சேர்த்துவைத்திருந்த தொகை முழுவதையும் அவர் முன்பணமாகக் கொடுத்துவிட்டார். வரிதான் குறைந்துவிடப் போகிறதே!

ராய்ஸ் போகும்போது ஒரு பரிசும் தந்தார். கதவில் ஒட்டும் காந்தப் பலகை, 'ப்ரூயிட் சுருதிப் பணி' என்று அச்சிட்டது.

"இதை ஒட்டிட்டா நீ எங்க போனாலும் விளம்பரம். விளம்பரம்னா தொழில். மாமியார் வீட்டுக்குப் போனாலும் தொழில்தான்."

லீலண்ட் அதை அப்படியே நம்பினார். முப்பதாம் நாள், பலகையை ஒட்டிக்கொண்டு, மனைவி டார்லாவோடு மாமியார் வீட்டுக்குப் போய், பன்றித்தொடைக் கறியும் பெக்கான் கொட்டை இனிப்பும் உண்டு திரும்பினார். மைல் காட்டி நூற்று நாற்பத்திரண்டு என்றது.

மறுநாள், ஆண்டின் கடைசிக் காலை, வரிக்கணக்கு எழுதும் திருமதி டிப்பெட்ஸின் அலுவலகத்துக்கு அவர் நடந்தே போனார். அங்கிருந்த வண்டி நிறுத்துமிடத்தில் புது வண்டி அடங்காது. பத்தொன்பது ஆண்டுகளாக அவருடைய கணக்கில் கையெழுத்திடும் அம்மையார் அவர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடுபவர். பாட்டிலும் கணக்கிலும் அரைச் சுருதி விலகினாலும் புருவம் உயர்த்துபவர். கைபேசியில் மைல் காட்டியின் படத்தைப் பார்த்ததும் அந்தப் புருவம் உயர்ந்தது.

"இதுல தொழில் மைல் எத்தனை, மிஸ்டர் ப்ரூயிட்?"

"எல்லாமே மேடம். கதவுல பலகை ஒட்டியிருந்தேன்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பலகை உங்க மாமியார் வீட்டுப் பியானோவுக்குச் சுருதி சேர்த்துச்சா?"

"அங்க பியானோவே இல்லைங்க."

"அப்போ அது நூத்து நாப்பத்திரண்டு மைல் சொந்தப் பயணம். கதவுல எதை ஒட்டினாலும் பயணம் பயணம்தான். இந்த வருஷம் ஓட்டினதுல பாதிக்கு மேல தொழிலா இருந்தாத்தான் நீங்க நினைக்கிற கழிவு. இல்லைன்னா இல்லை."

"வருஷம் இன்னிக்கே முடியுதே மேடம்!"

"இன்னும் முடியலையே. நூத்து நாப்பத்திரண்டுக்கு மேல, நிஜமான வேலைக்கு, நிஜமா ஓட்டுங்க. மைல் ஏடு எழுதுங்க. பொய் எழுதினா எனக்குத் தெரியாமப் போகலாம். தெரிய வேண்டியவருக்குத் தெரியும்." அவர் விரல் மேற்கூரையைச் சுட்டியது. "உங்க வீட்டுப் பட்டறைதான் தொழிலிடம். அங்கேருந்து வாடிக்கையாளர் வீடு, திரும்ப பட்டறை. வழியில எங்கேயும் வளையக் கூடாது."

லீலண்ட் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வீடு திரும்பினார். கழிவு இல்லையென்றால் ஏப்ரலில் முழு வரி. அதைக் கட்ட விற்பதற்கு அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று: கூடத்தில் நின்ற அவருடைய சொந்தப் பெரும்பியானோ. முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு காலையும் வழிபாடுபோல் அவர் தொட்டுத் தொடங்கும் கருவி.

வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவராக அழைத்தார். புத்தாண்டு விருந்துக்கு முட்டைக்குள் மசாலா அடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில், 'தொலைவு, வேண்டாம்' என்று தாமே சிவப்பு மையில் எழுதிய ஒரு பெயர் கண்ணில் பட்டது. வெர்னா ஸ்டோல்ட்ஸ், மேற்கே எழுபத்தாறு மைலில் காளைகள் வளர்ப்பவர். போக வர நூற்றைம்பத்திரண்டு! நேற்றுவரை சாபமாயிருந்த தொலைவு இன்று வரமாய் ஒளிர்ந்தது.

"ஏன்ப்பா, மூணு வருஷமா தூரம் தூரம்னே. இப்போ என்ன, ரோட்டைச் சுருட்டி வச்சுட்டாங்களா?" என்றது தொலைபேசி.

"இல்லைங்கம்மா, தூரம்தான் வேணும்" என்று நடந்ததைச் சொல்லிவிட்டார் லீலண்ட்.

மறுமுனையில் வெகுநேரம் சிரிப்பு. "வா வா. என் பியானோ பதினோரு வருஷமா அழுதுட்டுக் கிடக்கு. உன் வரிக்காக ஒண்ணும் கூப்பிடலை, தெரிஞ்சுக்கோ. காசு முழுசாத் தருவேன், வேலையும் முழுசா வேணும்."

வேலை முழுமையாகவே இருந்தது. கோதுமை வயல்களின் நடுவே அந்த வீட்டில், இருநூற்றுக்கும் மேலான தந்திகளும் ஒவ்வொன்றும் ஒரு கட்சியாய்ப் பிரிந்து கிடந்தன. லீலண்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தபோது வண்டி மறந்தது, வரி மறந்தது. பகைத்த சுற்றத்தை ஒரு பந்தியில் அமர்த்துவதுபோல் தந்திகளைக் கூட்டி முடிக்க மூன்று மணி ஆயிற்று. வெர்னா ஒரு துதிப்பாடலை வாசித்துப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "அடுத்த மார்ச்சுல வந்துடு. அப்பவும் வரிதான் இழுத்துட்டு வரணும்னு இல்லை" என்று காசோலையை நீட்டினார்.

திரும்பும் வழியில் லீலண்ட் உரக்கப் பாடிக்கொண்டே வந்தார். பட்டறை போய்ச் சேர்ந்தால் தொழில் நூற்றைம்பத்திரண்டு, சொந்தம் நூற்று நாற்பத்திரண்டு. பத்து மைல் மிச்சம்.

அப்போது கைபேசி ஒலித்தது.

"மாப்பிள்ளை! ஏரிக்கரைச் சேத்துல மாட்டிக்கிட்டேன். அச்சு வரைக்கும் போயிடுச்சு. புத்தாண்டுக்கு முந்தின நாளு, இழுவை வண்டிக்காரன் எவனும் வரமாட்டேங்கறான். குளிரு வேற. வந்து இழுத்து விடு."

ஏரிக்கரை நெடுஞ்சாலையிலிருந்து ஆறு மைல் உள்ளே. போக ஆறு, வர ஆறு. லீலண்ட் வண்டியை ஓரங்கட்டி, விரல்விட்டு எண்ணினார். சொந்தம் நூற்றைம்பத்துநான்கு, தொழில் நூற்றைம்பத்திரண்டு. மறுபடி எண்ணினார். விரல்கள் மாற்றிச் சொல்லவில்லை. கூடத்துப் பியானோவின் வெண்கட்டைகள் ஒரு கணம் கண்முன் மின்னி மறைந்தன. பின் ஏரிக்கரைப் பக்கம் வளைந்தார்.

செம்மண் சேற்றில், குட்டையில் படுத்த எருமைபோல் ராய்ஸின் வண்டி கிடந்தது. கதவில் 'ஹேட்லி கூரைப்பணி' பலகை பளபளத்தது. உள்ளே வேட்டைத் துப்பாக்கியும், வாத்துகளை ஏமாற்றி இறக்கும் மர வாத்துப் பொம்மைகளும்.

"வாத்துங்களுக்குக் கூரை போட வந்தீங்களா மச்சான்?"

"கிண்டல் பண்ணாதே. கயித்தைக் கட்டு."

லீலண்டின் கருமுகில் முதன்முறையாக உறுமிற்று. தும்பிக்கை நீட்டிய களிறுபோல் முன்னே சாய்ந்து, ஒரே மூச்சில் எருமையைக் கரைசேர்த்தது. சட்டம் எந்த உழைப்பை எண்ணி இத்தகைய வண்டிகளுக்குச் சலுகை தந்ததோ, அந்த உழைப்பை அது செய்த ஒரே தருணம் இதுதான். அதுவோ சொந்தக் கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

கதையைக் கேட்ட ராய்ஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். "இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? ஏரிக்கரையில ஒரு பியானோவுக்குச் சுருதி சேர்த்தேன்னு எழுதிட்டுப் போ. வாத்தா வந்து சாட்சி சொல்லப் போகுது?"

லீலண்ட் மைல் ஏட்டை முழங்கால்மேல் விரித்தார். பேனா தொழில் பத்தியின் மேல் சற்று நின்றது உண்மை. ஆனால் வாழ்நாளெல்லாம் மயிரிழை விலகலைக் கேட்டுப் பழகிய செவி அவருடையது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அது பிசிறடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 'சேற்றிலிருந்து மச்சானை இழுத்தது, பன்னிரண்டு மைல், சொந்தம்' என்று எழுதி மூடினார்.

"பைத்தியமா நீ?" என்றார் ராய்ஸ்.

"இருக்கலாம் மச்சான். காலைத் துடைச்சுட்டு வீட்டுக்குள்ள போங்க, லோர்னா அக்கா திட்டுவாங்க."

வீடு வந்து, டார்லாவிடம் இரண்டு மைலில் தோற்றதைச் சொல்லிவிட்டு, பியானோவின் முன் கைகட்டி அமர்ந்திருந்தார். மணி ஐந்தரை. கைபேசி மீண்டும் ஒலித்தது. ராய்ஸின் மனைவி லோர்னா.

"என்னங்க தம்பி, இந்த ஆளு விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே உங்க கதையைச் சொல்றாரு. எனக்குச் சிரிப்பு வரலை. எங்கம்மா பியானோ கூடத்துல ஆறு வருஷமா ஊமையாக் கிடக்கு. சுருதி சேர்க்க ஆளைக் கூப்பிடுங்கன்னா, 'மாப்பிள்ளை ஓசியில பண்ணுவான், கேட்டுக்கலாம்'னே காலத்தை ஓட்டறாரு. எட்டு மணிக்குப் பதினஞ்சு பேர் பாட வர்றாங்க. இப்போ வரமுடியுமா? முழுக் கூலி."

"அக்கா, எனக்காகக் கூப்பிடலையே?"

"உங்களுக்காகவா? நடு ஸ்வரம் எதுவுமே பேச மாட்டேங்குது தம்பி, வாங்க!"

ராய்ஸின் வீடு நான்கு மைல். போனவுடனேயே தொழில் பக்கம் நூற்றைம்பத்தாறு ஆயிற்று. லீலண்ட் வாசலில் நின்றே மைல் காட்டியையும் ஏட்டையும் படமெடுத்துத் திருமதி டிப்பெட்ஸுக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது: "பன்னிரண்டு மைலைச் சொந்தத்தில் எழுதியதைக் கண்டேன். கையெழுத்து உண்டு. வீட்டுக்கு நேர்வழியே ஓட்டுங்கள்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பியானோவின் மேலிருந்த கிறிஸ்துமஸ் பெட்டிகளை ராய்ஸே முனகிக்கொண்டு இறக்க நேர்ந்தது. விருந்தினர் மிளகாய்ச்சாறு தோய்த்த வறுவலைக் கொறித்தபடி வரத்தொடங்கியபோது கடைசித் தந்தியும் இடத்தில் அமர்ந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்றார் ராய்ஸ்.

"இருநூறு டாலர். பண்டிகை நாள், அவசர வேலை."

"கூடப்பிறந்தவளைக் குடுத்தவன்கிட்டயா?"

"குடுங்க பேசாம" என்றாள் லோர்னா.

ராய்ஸ் காசோலை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பின், பாட நின்ற கூட்டத்துக்குக் கேட்காதபடி லீலண்டின் காதோரம் குனிந்தார்.

"பில்லு குடுப்பியா மாப்பிள்ளை?"

"கட்டாயம்."

"அதுல பியானோன்னு போடாதே. கூரை ஒழுகல் சரி பண்ணினதுன்னு எழுது. கம்பெனிச் செலவுல சேர்த்துடலாம்."

லீலண்ட் பேனாவைத் திறந்தார். பியானோ என்னும் மூன்றெழுத்தையும், மூக்குக்கண்ணாடி இல்லாதவரும் தெருவிலிருந்து படிக்கும் அளவுக்கு, பில்லின் அகலம் முழுக்க எழுதினார்.