ரெண்டு மூடி

படுக்கை விரிப்பு மடிக்க ரெண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஓட்டல் சலவைக் கூடத்தில் நானும் என் தங்கச்சியும் ஒரு நாளைக்கு முன்னூறு விரிப்பு மடிக்கிறோம். மிஷின் சத்தத்தில் தள்ளி நின்றால் ஒன்றும் கேட்காது. முனை சேரும்போதுதான் பேச்சு. அப்படி ஏழெட்டு விரிப்பில், துண்டு துண்டாக, அவள் என்னிடம் சொன்னாள். கீழே தண்ணியாகப் படுகிறது. வெளுத்த சாம்பல் நிறம். வாடை அடிக்கிறது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

"டாக்டர்கிட்ட காட்டணுமாக்கா?"

"இதுக்கெல்லாமா? காலை விரிச்சுப் படுக்கச் சொல்லுவாங்க. தேவையா உனக்கு?"

பதினாலு வருஷமாக நான் கறை எடுக்கிறவள். ரத்தம், வாந்தி, எண்ணெய், எவனெவனோ படுத்துப் புரண்ட அழுக்கு. ஊற வைத்தால் போகாத நாற்றம் உலகத்தில் இல்லை என்பேன். அந்தத் திமிர்தான். அன்று சாயங்காலமே நீலக் கேனில் இருந்த கிருமி மருந்தைத் தண்ணி பாட்டிலில் ஊற்றி அவள் பையில் வைத்தேன்.

"ஒரு செம்புத் தண்ணிக்கு ஒரு மூடி. காலையும் மாலையும். உள்ள வரைக்கும் கழுவு. பட்டும் படாம கழுவினா பிரயோஜனமில்ல."

நாலு நாளில் வாடை போய்விட்டது என்றாள். பார்த்தியா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பத்தாம் நாள் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது, எரிச்சலையும் கூட்டிக்கொண்டு.

"அப்ப ரெண்டு மூடியா ஊத்து" என்றேன்.

அந்த வாரத்துக்குள் அவளால் உட்கார முடியவில்லை. ஒன்றுக்குப் போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அழுவது, கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. அப்போதே எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். மருந்தை நிறுத்து என்று மட்டும் வாய்க்குள் முனகினேன். ஏன் என்று அவள் கேட்டுவிடக் கூடாதே என்று அடுத்த பேச்சை நானே எடுத்தேன்.

"உன் புருஷன் பத்து நாள் லாரியில போறான், ரெண்டு நாள் வீட்டுக்கு வர்றான். எங்க படுத்து எதை வாங்கிட்டு வந்தானோ, யாரு கண்டா?"

காய்ந்த வைக்கோலுக்கு ஒரு தீக்குச்சி போதாதா?

லாரி ஓட்டம் முடிந்து வந்தவனுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணி, சத்தியமா நான் அப்படிப்பட்டவன் இல்ல. நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க."

நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். "பொம்பளைக்கு இந்த நோவு தானா வருமா தம்பி?" என்றேன், தலையை நிமிர்த்தாமல். அன்றிலிருந்து ஒரு வாரமாக அவனுக்கு லாரி ஷெட்டில்தான் படுக்கை.

மருந்தை நிறுத்தியும் புண் ஆறவில்லை. வேறு வழியில்லாமல் பெண்கள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையாக நாற்காலிகள். எல்லாரும் உட்கார்ந்திருக்க இவள் மட்டும் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஆம்பளை டாக்டரா இருந்தா திரும்பிப் பார்க்காம ஓடிடுவேன்க்கா."

"உட்காரவே வக்கில்ல. நீ ஓடிக் கிழிச்ச."

சிரித்தாள். சிரித்தது அங்கேயும் வலித்திருக்க வேண்டும், உடனே முகம் சுருங்கியது.

பெண் டாக்டர்தான். மாதவிலக்கு எப்போது, எத்தனை பிள்ளை, எத்தனை நாளாக என்று காய்கறி விலை கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். பிறகு, "உள்ள ஏதாவது ஊத்திக் கழுவுறீங்களா? சோப்பு, கிருமி மருந்து, இந்த மாதிரி?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "இல்லைங்க" என்றாள்.

ஓட்டல் மருந்தை எடுத்துக் கொடுத்தது நான். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதற்காகத்தான் அந்த 'இல்லைங்க'. நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றேன்.

திரைக்குப் பின்னால் அவளைப் படுக்க வைத்தார்கள். "தொடப் போறேன். வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுவேன்" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிவிட்டுத்தான் டாக்டர் கை வைத்தார். தங்கச்சி என் விரல்களை நெரித்தாள். உள்ளே வைத்துப் பார்க்கிற கருவியை எடுத்தவர், புண்ணைப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டார். பஞ்சுக் குச்சியால் மட்டும் லேசாகத் தொட்டு எடுத்தார்.

"டெஸ்டுக்கு அனுப்புறேன். வீட்டுக்காரரையும் ஒருதரம் வரச் சொல்லுங்க."

"அவரைத் துரத்திட்டேன்." தங்கச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவராலதானே டாக்டர் இது?"

"அப்படின்னு யார் சொன்னா?"

இப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "மருந்து கொடுத்ததும் நான்தான். சலவைக் கூடத்துக் கேன்ல இருந்த மருந்து. முதல்ல ஒரு மூடி, அப்புறம் ரெண்டு மூடி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கேன்ல என்ன எழுதியிருக்கு?"

"கையுறை போட்டுத்தான் தொடணும்னு."

"அவங்களுக்கு ஊத்திக் கொடுத்தப்ப நீங்க போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார். "அந்த இடம் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும்மா. அதுக்குன்னு உள்ள நல்ல கிருமி இருக்கு. மருந்து ஊத்தினா அது செத்து, கெட்டது பெருகிடும். வெளிய மட்டும் வெறும் தண்ணி போதும். முதல்ல வந்த வாடைக்கு ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டிருந்தா அநேகமா சரியாகியிருக்கும். அது ஆம்பளை கொண்டு வந்தாத்தான் வரும்னு இல்ல. டெஸ்ட் முடிவு வரட்டும். ஆனா இப்ப என் கண்ணுக்குத் தெரியுறது மருந்துல வெந்த புண்ணு."

வெளியே வந்ததும் தங்கச்சி காலை அகட்டி அகட்டி முன்னால் நடந்தாள். ஆட்டோ நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"அவரு காரணமில்லேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ கழிப்பறையில அழுதப்பவே."

அவள் அழவில்லை. என் கையில் இருந்த மருந்துச் சீட்டைக்கூடக் கேட்கவில்லை. ஆட்டோவில் ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அவர்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா உன்னைக் காப்பாத்தித்தான் சொல்லுவேன்."

ஷெட்டில் அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, கைக் கிரீசைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அண்ணி" என்றான். அந்த மரியாதை செருப்படி மாதிரி விழுந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையுறை உட்பட.

கிரீஸ் துடைத்த துணியைச் சக்கரத்தின் மேல் போட்டான்.

"நான் கதவைத் தட்டினப்பவும் இந்த வலியோடதான் நின்னாளா?"

"ஆமா தம்பி."

அவன் முஷ்டி இறுகியது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அடிக்கவில்லை. வண்டிக்குள் ஏறிச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

"சீட்டைக் கொடுங்க."

கொடுத்தேன். "மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம், களிம்பு வெளிய மட்டும் ஒரு நாளைக்கு—"

"வேணாம்" என்றான். "கடைக்காரர்கிட்டயே கேட்டுக்கிறேன்."