கிங்ஸ்லியின் புது நாக்கு

போடி கடைவீதியில் டீத்தூள் கடை வைத்திருக்கும் கிங்ஸ்லி, மூணாறில் மூன்று நாள் டீ ருசி பார்க்கும் பயிற்சி முடித்து, ஒரு சான்றிதழோடும் புது நாக்கோடும் திரும்பினார். அந்த நாக்கின் திறமையைக் காட்டப் பக்கத்துக் கடை சுருளிராஜனைக் கூப்பிட்டார். மனைவி மகிமா நான்கு டம்ளர்களில் டீ போட்டு வைத்தாள். எதில் எந்தத் தூள் என்று அவளுக்கு மட்டுமே தெரியும்.

கிங்ஸ்லி கண்ணை மூடி, தெருவுக்கே கேட்கும்படி உறிஞ்சினார். முதல் டம்ளரில் மலைப்பனி இருப்பதாகச் சொன்னார். இரண்டாவதில் ஏலக்காட்டு வாசமாம். மூன்றாவதில் மழை நனைத்த மண்ணாம். நான்காவதைத் துப்பிவிட்டார்.

"இதை மனுசன் குடிப்பானா? எவன் விக்கிறான் இதை?"

"நாமதாங்க. நம்ம கடை ஸ்பெஷல்," என்றாள் மகிமா. "மத்த மூணும் ஒரே பாக்கெட்டு."

பத்து வருடமாக அந்த ஸ்பெஷலையே குடித்துவரும் சுருளிராஜன் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

கிங்ஸ்லிக்கு முகம் கறுத்தது. "பால் சரியில்ல," என்றார்.

"நாலுக்கும் ஒரே பால்தான அண்ணாச்சி?" என்றார் சுருளிராஜன்.

மறுநாள் கிங்ஸ்லி பால்காரரை மாற்றினார். ஸ்பெஷல் வழக்கம்போல் விற்றது. சுருளிராஜனும் ஒரு பொட்டலம் வாங்கிப் போனார். பழகிவிட்டதாம்.