படகுத்துறையில் அழைத்த பெயர்

மலாயாவின் பத்து பாகாட் டவுனில் பால்காரி கருப்பாயியைத் தெரியாத வீடு கிடையாது. ஆற்றோரக் கொட்டகையில் நான்கைந்து மாடுகளை வைத்துக்கொண்டு, விடிந்ததும் செம்பைத் தலையில் ஏற்றிக் கடைத்தெரு முழுக்க ஊற்றிவிட்டு வருவாள். முகமூடி என்று ஊர் கூப்பிட்ட ஆளைத் தெரியாத வீடும் அங்கே கிடையாது. ஆனால் இருவரும் ஒரே ஆள்தான் என்பது அவளுடைய தங்கை செல்லம் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பிழைப்புத் தேடி டவுனுக்கு வந்த பெண்களைச் சமையல் வேலை இருக்கிறதென்று கூட்டிப்போய், சூதாட்ட விடுதியின் மேல்மாடியில் அடைத்துவிடுவார்கள். விடுதி செல்லப்பனுடையது; இன்ஸ்பெக்டரோ செல்லப்பனுடைய கைக்குள். செல்லமும் அப்படித்தான் சிக்கினாள். கருப்பாயி போலீஸ் வாசலில் நின்று அழுதபோது, "உன் தங்கச்சி எவனோடயாவது ஓடிப் போயிருப்பா, போ" என்று சிரித்து அனுப்பினார்கள். அவள் வீட்டுக்கு வந்தாள். செத்துப்போன அப்பாவின் சட்டையையும் கால்சட்டையையும் மாட்டிக்கொண்டாள். கண் மட்டும் தெரியும்படி கறுப்புத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு, மாட்டுத் தடியோடு போனாள். இரண்டு அடியாட்களின் மண்டை உடைந்தது. தங்கையோடு திரும்பினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தங்கையை இழுத்துக்கொண்டு படியிறங்கும்போது, கதவிடுக்கில் இன்னொரு பெண்ணின் விரல்களைப் பார்த்துவிட்டாள். அந்த விரல்கள் அவளைத் தூங்கவிடவில்லை. மறுபடி போனாள். அதற்குப் பிறகும் போனாள்.

அப்படி மீட்டுக்கொண்டு வந்த ஒரு பெண்ணை எங்கே ஒளித்துவைப்பதென்று தெரியாமல்தான் ஒரு மாலை சதாசிவம் வீட்டுக் கதவைத் தட்டினாள். சதாசிவம் அரிசிக் கடைக்காரர், மனைவியை இழந்தவர். டவுன் போர்டில் இருந்த ஒரே தமிழ் மெம்பர். முகமூடியைக் கண்டு அவர் பதறவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "உள்ளே வாம்மா, சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

பிறகு இருவரும் பழைய படகுத்துறையில் பொழுது சாயும் நேரத்தில் சந்தித்தார்கள். விடுதியை மூடவைக்கப் போர்டில் தான் போடும் சண்டையை அவர் சொல்வார். குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று அவள் கட்டைக்குரலில் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவாள்.

"மழையில நனைஞ்சிட்டியே தம்பி" என்பார். தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த 'தம்பி' அவளை என்னவோ செய்தது. காலையில் அவர் வாசலில் பால் ஊற்றும்போது அவள் பால்காரம்மா. மாலையில் தம்பி. இரண்டுக்கும் நடுவில் இருந்தவளை அவர் எப்போது பார்ப்பார்? ஒருமுறையாவது இந்தத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, 'நான்தாங்க' என்று சொல்லிவிட வேண்டும் என்று மாட்டுக்குப் புல் அறுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று யோசிப்பாள். அந்த யோசனையிலேயே சில நேரம் அரிவாள் நின்றுவிடும்.

சொல்லிவிடுவதென்று அவள் துணிந்த நாளில் இன்ஸ்பெக்டர் வீட்டு மாடு கன்று போடத் திணறியது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வாயில்லா ஜீவனை விட்டு வர மனம் வரவில்லை. கன்று பிழைத்து எழுந்து நின்றபோது பொழுது அடங்கியிருந்தது. படகுத்துறைக்கு ஓடினாள். யாரும் இல்லை. கோபித்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தாள்.

விடிந்தபோது சதாசிவத்தின் உடல் ஆற்றுச் சேற்றில் கிடந்தது. நெஞ்சில் கத்திக்குத்து.

செய்தி தெரியாமலே அவள் பாலோடு அவர் வாசலுக்குப் போனாள். அவருடைய தம்பி மூர்த்தி அழுது வீங்கிய முகத்தோடு வெளியே வந்து விஷயத்தைச் சொன்னான். அவள் செம்பைப் பிடித்தபடியே நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல், "பால்..." என்றாள்.

"எதுக்குங்க பாலு? அண்ணன் பாலே குடிக்க மாட்டாரே. வாங்கிப் பூனைக்குத்தான் வைப்பாரு."

திரும்பி நடந்தாள். பால் குடிக்காத மனிதர் தினமும் வாசலில் காத்து நின்றிருக்கிறார். எதற்கு?

அன்று மதியமே இன்ஸ்பெக்டர் ஊருக்குச் சொல்லிவிட்டார். கொன்றது முகமூடி. முகமூடியோடு மெம்பர் படகுத்துறையில் நின்றதைப் பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள். மூவார் டவுனிலிருந்து மாஜிஸ்திரேட் வந்து விசாரிப்பார். அதற்குள் அவன் பிடிபடுவான்.

தன் முகமூடியை வேறு யாரோ மாட்டியிருக்கிறார்கள் என்பது கருப்பாயிக்குப் புரிந்தது. மாட்டியவன் யார்? அந்த நேரத்தில் துறைப்பக்கம் இருந்திருக்கக்கூடியவர் சம்பான் படகு ஓட்டும் பாக் சூலோங் மட்டும்தான். மறுநாள் மாலை, ஊரே வலைவீசித் தேடிய அந்தக் கறுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு அந்த மலாய்க் கிழவரின் முன்னால் போய் நின்றாள்.

அவர் துடுப்பைக்கூட எடுக்கவில்லை. "புக்கான் லூ" என்றார். நீ இல்லை. "அவன் உசரம். உன்னை மாதிரி சின்ன ஆள் இல்லை. குத்திட்டுத் துணியை ஆத்துல வீசினான். என் சம்பான்லதான் அக்கரைக்குப் போனான். செல்லப்பன். போலீஸ் மாத்தாகிட்ட சொன்னேன். 'நீ ஒண்ணும் பார்க்கல'ன்னாங்க."

"என்னை அங்கே கொண்டு போய் விடுவீங்களா?"

"அலமாக்" என்று பெருமூச்சு விட்டார் கிழவர். "நீ மீட்டு வந்த பொண்ணுங்க மாதிரி எனக்கும் மகள் இருக்கா. விடியட்டும், வா."

விடிந்தும் பனி விலகாத நேரத்தில் அக்கரையின் தென்னந்தோப்புக் குடிசையில் செல்லப்பனைப் பிடித்தார்கள். முதல் அடி முழங்காலில் விழுந்தது. அடுத்ததில் கையிலிருந்த கத்தி தெறித்துப் போனது. விழுந்து கிடந்தவன் அவளைப் பார்த்து வலியோடு சிரித்தான்.

"நீதானா? ஒன்னைய மாதிரியே துணி கட்டிக்கிட்டுத்தான் போனேன். இருட்டுல அந்த ஆளு சந்தேகமே படல. கிட்ட வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'கருப்பாயி, இனிமே இந்தத் துணி வேணாம். எனக்கு எப்பவோ தெரியும். எடுத்துடு, ஒன் மொகத்தப் பாத்துப் பேசணும்'னான். யாருடா அந்தக் கருப்பாயி? குத்துன பொறவும் அந்தப் பேரத்தான் சொன்னான்."

தடி அவள் கையில் தளர்ந்தது. காதுக்குள் அந்தப் பெயர் மட்டும் நின்றது. அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும்? மெதுவாகவா, சிரித்தபடியா? கேட்டிருக்க வேண்டிய காது அப்போது இன்ஸ்பெக்டர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருந்தது. கேட்ட காது இந்தக் கொலைகாரனுடையது. அந்தத் தளர்ச்சியைப் பார்த்துச் செல்லப்பன் எழுந்து பாய்ந்தான். பாக் சூலோங்கின் துடுப்பு அவன் முதுகில் இறங்கியிராவிட்டால் அவளும் அங்கேயே முடிந்திருப்பாள்.

விசாரணை நடந்த கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. முகமூடி உள்ளே வந்தபோது கூட்டம் சுவரோரம் ஒதுங்கியது. பின்னால் கைகள் கட்டப்பட்ட செல்லப்பன், அவன் பின்னால் துடுப்போடு கிழவர்.

"அவன்தான் கொலைகாரன்! பிடியுங்கள்!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

கருப்பாயி துணியின் முடிச்சை அவிழ்த்தாள். வியர்த்துப்போன முகத்தையும் கலைந்த கொண்டையையும் கண்டதும் பின்வரிசையில் ஒரு பெண், "ஐயோ, நம்ம பால்காரம்மா" என்றாள்.

"முகமூடி நான்தாங்க" என்றாள் மாஜிஸ்திரேட்டிடம். பக்கத்தில் நின்றவர் அதை மலாயில் சொன்னார். "மெம்பரைக் குத்துன அந்தப் பொழுதுல நான் எங்கே இருந்தேன்னு இன்ஸ்பெக்டர் ஐயாகிட்டயே கேளுங்க. அவங்க வீட்டு மாட்டுக்கு நான் கன்னு இழுத்துப் போட்டேன். ஐயாதான் பக்கத்துல நின்னு லாந்தர் புடிச்சாங்க."

மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிழவரை முன்னால் வரச் சொன்னார்.

செல்லப்பனுக்குத் தூக்கு விதித்தார்கள். இன்ஸ்பெக்டரின் உத்தியோகம் போயிற்று. விடுதிக்குப் பூட்டு விழுந்தது. ஆம்பிளை உடுப்பில் ஊர் சுற்றியவளிடம் பால் வாங்குவதா என்று சில வீடுகள் நிறுத்திக்கொண்டன. வேறு சில வீடுகளில் பெண்கள் செம்பை அவள் தலையிலிருந்து தாங்களே இறக்கிவைத்து உட்காரச் சொன்னார்கள். கல்யாணமாகி லாபிசில் இருந்த செல்லம் வந்து, "எங்களோட வந்துடுக்கா. இங்கே ஒனக்கு யாரு இருக்கா?" என்று அழுதாள். கருப்பாயி போகவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ராசம்மா என்ற தோட்டத்துப் பெண் நனைந்துகொண்டே அவள் கொட்டகைக்கு வந்தாள். மகளை வேலைக்கென்று கூட்டிப்போனவர்கள் திரும்ப அனுப்பவில்லை என்றாள். கருப்பாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கப் போலீஸ் வாசல்படியில் உட்கார்ந்தாள். விரட்டிப் பார்த்தார்கள். எழவில்லை. கடைத்தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்காரத் தொடங்கியதும், புது இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஆட்களோடு கிளம்பினார். பொழுது சாய்வதற்குள் மகள் வந்துவிட்டாள்.

தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்துவிட்டுக் கருப்பாயி ஆற்றோரமாக வீடு திரும்பினாள். நடக்க நடக்க, புது இன்ஸ்பெக்டர் தொப்பியை முன்பின்னாக மாட்டிக்கொண்டதையும், ராசம்மா நன்றி சொல்லத் தெரியாமல் தெருவில் போன மாட்டைக் கும்பிட்டதையும் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள். படகுத்துறையில் இதைக் கேட்டால் அவர் எப்படிச் சிரிப்பார் என்றுகூட நினைத்துவிட்டாள். யாரிடம் சொல்வதற்காக இத்தனையும் சேர்த்துவைக்கிறோம் என்பது கொட்டகையின் அருகில் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மழை விட்டிருந்தது. மாடுகள் அவளைக் கண்டு குரல் கொடுத்தன. அவள் உள்ளே போகாமல் ஆற்றைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.