குவிந்தஸ் பிரபுவின் கடைசி விருந்து

நாடகத்துக்கு இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது. குவிந்தஸ் பிரபுவின் கடைசி வசனத்தை அப்பா ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

கதையை எழுதியவள் நான். ரோமாபுரிப் பிரபு குவிந்தஸுக்குச் சக்கரவர்த்தியிடமிருந்து ஓலை வருகிறது. நிலமும் மாளிகையும் பறிமுதல். அடிமைகள் எல்லோரும் சந்தையில் விற்கப்படுவார்கள். அவன் ஓலையை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு மூன்று நாள் விருந்து வைக்கிறான். கடைசிக் காட்சியில் படித்துக் காட்டுகிறான்.

எங்கள் ரப்பர் தோட்டத்து வருஷ நாடகத்தில் ராஜா வேஷம் எப்போதும் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோருக்குத்தான். ஆள் பெயர் எடுக்கும் காலைப் பிரட்டில் அதட்டுகிறவரை மேடையில் வேறொருவர் அதட்டக் கூடாது. அதனால் அப்பாதான் குவிந்தஸ். இரண்டு வேட்டிகளை இணைத்து அங்கி தைத்தோம். ரப்பர் இலைகளுக்குப் பொன் சாயம் பூசிக் கிரீடம் கட்டினோம்.

அந்த வருஷம், 1984இல், தோட்டம் கைமாறியிருந்தது. வேலையாட்களுக்கென்று வரிசையாய்க் கட்டிய லயத்து வீடுகளிலேயே இருக்கவிடுங்கள் என்று அறுபத்திரண்டு குடும்பங்களும் மனு எழுதின. அதைப் புக்கிட் ரோத்தான் டவுனில் இருந்த புது முதலாளியின் ஆபீசுக்குக் கொண்டுபோனவர் அப்பா. போய் வரும்போதெல்லாம் பதில் வரவில்லை என்பார். பக்கத்து வீட்டு வேலம்மா அக்கா அதை நம்பி அடுப்படிக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாள்.

ஒத்திகையில் கடைசிக் காட்சி வந்ததும் அப்பா இருமுவார், தண்ணீர் கேட்பார். மேடையில் சொல்லிக்கொள்கிறேன் என்பார். வீட்டில் அவர் தட்டில் சோறு மிஞ்சியது. அவரிடம் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திரை விலகியது. விருந்துக் காட்சியில் ரோமாபுரி அடிமைகள் முறுக்குத் தட்டோடு வந்தார்கள்.

"பிரபு, இந்தப் பக்கமும் ரெண்டு போடு லா," என்றாள் வேலம்மா அக்கா. மண்டோரை ஒருமையில் பேச வருஷத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.

கடைசிக் காட்சி. அடிமை வேஷத்தில் இராமையா அண்ணன் மண்டியிட்டு, ஓலையில் என்ன எழுதியிருக்கிறது பிரபுவே என்று கேட்டார்.

அப்பா ஓலையைப் பிரித்தார். திரைக்குப் பின்னாலிருந்து நான் வசனத்தை எடுத்துக்கொடுத்தேன். மறுபடியும், கொஞ்சம் உரக்க.

"மண்டோருக்கு மறந்துபோச்சு லா. நாளைக்குப் பிரட்டுல இவருக்கு அரை நாள் பேருதான், அரைச் சம்பளம்தான்," என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

கூட்டம் சிரித்தது. அப்பா கிரீடத்தைக் கழற்றினார். வேலம்மா அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

"பதில் வந்து பதினாறு நாளாச்சு, வேலம்மா. லயத்தை இடிக்கப் போறாங்க. மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் வெளியேறணும். வெளியேறச் சம்மதம்னு எழுதின தாளை நீட்டினாங்க. பிரட்டுல ஆள் பேருக்கு நேரே போடுற மாதிரி, என்னான்னு கேக்காம, அறுபத்திரண்டு வீட்டுக்கும் நானே கையெழுத்து போட்டுட்டேன்."