முப்பத்தைந்து 'இல்லை'

பள்ளிப் பிள்ளைகளைச் சக மாணவர்கள் அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா, ஒதுக்குகிறார்களா என்று எங்கள் அலுவலகம் வருடா வருடம் கணக்கெடுக்கும். படிவத்தில் பெயர் எழுத வேண்டியதில்லை. பகுதிவாரியாகக் கூட்டி அட்டவணை போடுவது என் வேலை.

இந்த வருடம் தெற்குப் பகுதிப் படிவங்களில் ஒரு எட்டாம் வகுப்பு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முப்பத்தைந்து படிவத்திலும் 'இல்லை'. பக்கத்து வகுப்பில் பாதிப்பேர் 'ஆமாம்' போட்டிருந்தார்கள். அது என் மகளின் வகுப்பு. நல்ல இடத்தில்தான் சேர்த்திருக்கிறோம் என்று பூரித்துப்போனேன்.

கடைசிப் படிவத்தின் பின்பக்கம் பென்சிலில் பொடி எழுத்து.

"எங்களை அடிக்கிறவளோட அம்மாதான் இதை எண்ணுவாங்களாம். உண்மையை எழுதினா கையெழுத்தை வச்சுக் கண்டுபிடிச்சுடுவாங்களாம். அதான் எல்லாரும் இல்லைன்னு போட்டோம்."

மூன்று முறை படித்தேன். இந்த வேலை செய்கிற அம்மா அந்த வகுப்பில் நான் ஒருத்திதான்.

படிவத்தை மேலதிகாரியிடம் கொடுத்தேன். "வீட்ல வாயைத் திறக்காதீங்க. எழுதின பிள்ளை மாட்டிக்கும். வேற ஆளை அனுப்பி மறுபடி எடுக்கச் சொல்றேன்" என்றார் அவர்.

இரண்டு வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் வழக்கம்போல என் மடியில் தலை வைத்துப் படித்தாள். "கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே நாற்காலி மேல ஏறிடுவா என் வீராங்கனை" என்று அவள் அப்பா கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது கணக்கெடுப்பில் இருபத்தொரு பேர் 'ஆமாம்' என்றார்கள். எல்லாரும் சொன்னது ஒருத்தியைத்தான். தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். கழுத்தைப் பிடித்தது, கழிவறையில் பூட்டியது எல்லாம். மகள் மறுக்கவில்லை. ஒரு வாரம் பள்ளிக்கு வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி, "யாரும்மா எழுதினது?"

"இருபத்தொரு பேர்."

"அவ்வளவு பேரா?"

விரலை மடக்கி, தான் அடித்தவர்களை ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தாள். பதினாறில் நின்றுவிட்டாள். மீதி ஐந்து பேர் யாரென்று அவளுக்கே ஞாபகம் வரவில்லை. அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.