பன்னிரண்டடி நிழல்

என் தம்பி சாமிக்கண்ணுவைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து படித்தவர்கள் வருகிறார்கள். 'பங்கு பிரிப்பவனுக்குப் பங்கு இருக்கக் கூடாது' என்று அவன் எழுதியதை வியக்கிறார்கள். இந்தத் தத்துவம் எங்கே கிடைத்தது என்று கேட்டால், பிரெஞ்சுப் புத்தகத்தில் என்கிறான். புளுகன்! பாகூர் ஏரி வாய்க்காலில் கிடைத்தது. பக்கத்தில் நான் நின்றேன்.

எங்கள் நைனா பக்கிரி, நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரை வயல் வயலாகத் திருப்பிவிடும் வேலை. நிலம் இல்லாதவனைத்தான் அதில் வைப்பார்கள். சொந்தப் பயிர் இருந்தால் கை அந்தப் பக்கம் போய்விடும் என்று ஊருக்குப் பயம். எனக்குப் பத்தொன்பது வயதான வருஷம் ஏம்பலத்திலிருந்து பெண் கேட்டார்கள், பத்து மூட்டை நெல்லோடு. "நெல்லு இல்லாம எங்க காசம்மாவ அனுப்ப மாட்டேன்" என்று அம்மா கடைமடையில் ஒரு காணி வாரத்துக்குப் பிடித்தாள். நைனா வேண்டாமென்று சொல்லவில்லை. அதுதான் தப்பு.

அந்த வருஷம் மழை ஏய்த்தது. தையில் கதிர் பால் பிடிக்கும்போது ஏரியில் இன்னும் ஒரு தடவை பாய்ச்சத்தான் தண்ணீர் மிச்சம். அது வந்தால் நெல், வராவிட்டால் வைக்கோல், என் கல்யாணமும் அதோடு போச்சு. எங்கள் வரிசையில் ஆரோக்கியம் வீட்டையும் சேர்த்து இன்னும் நாலு குடும்பம். கடைமடையின் முறை உச்சியிலிருந்து நிழல் பன்னிரண்டடி ஆகும் வரை. நைனா தன் நிழலைத் தானே காலடி வைத்து அளப்பார்.

அன்று காலை அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. "பண்ணக்காரரு கண்ணு பூரா எம்மேலதான். நம்ம வயலுக்கு ஒரு சொட்டு அதிகமாப் போச்சுன்னா பேரே போயிடும்" என்றார்.

நானும் தம்பியும் கடைசி வரப்பில் காத்து நின்றோம். அவனுக்குப் பதினொரு வயது. தண்ணீர் ஆரோக்கியம் வயலின் ஓரத்தைத் தொட்டது. அப்புறம் மெலிந்தது. நின்றே போனது! எலி வளை ஏதும் உடைந்துவிட்டதோ என்று வரப்பு மேல் ஓடினோம்.

நைனா களிமண்ணை அப்பி எங்கள் மடையை அடைத்துக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் பண்ணைக்காரர் சுப்பராயலு குடை பிடித்து நின்றார். தம்பி நைனாவின் நிழலை அளந்தான்.

"இன்னா நைனா, ஏழடிதான் ஆவுது. இன்னும் அஞ்சடி கீதே!"

"சும்மா கெடடா. பாத்துக்கினு நிக்கிறாரு."

"தொறந்து வுடு நைனா, உங் கால்ல வுழறேன்" என்று நான் கத்தினேன். அவர் மண்ணை எடுக்கவில்லை. "பக்கிரி நேர்மையான ஆளு" என்று சொல்லிவிட்டுச் சுப்பராயலு போய்விட்டார்.

எட்டு நாளில் ஐந்து வயலும் பதராயின. ஆரோக்கியம் நைனாவிடம் போகவில்லை. நேராக அம்மாவிடம் வந்தாள். "நீ அந்த நெலத்தப் புடிக்காம இருந்தா எங்களுக்குத் தண்ணி வந்திருக்கும்க்கா." சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அம்மா அன்றே நிலத்தை விட்டுவிட்டாள்.

தம்பி நைனா முன்னால் போய் நின்றான். "நமக்கு நெலமே இல்லன்னா பன்னெண்டடி வரைக்கும் வுட்டிருப்பியா?"

"வுட்டிருப்பேன்டா" என்று நைனா துண்டால் முகத்தை மூடி அழுதார்.

ஆகவே அவன் எழுதியது சத்தியம். நான் மறுக்க மாட்டேன். ஏம்பலத்துக்காரர்கள் அந்தச் சித்திரையிலேயே வேறு பெண் எடுத்தார்கள். இப்போது எனக்கு முப்பத்தாறு. தம்பிக்குச் சோறு பொங்கிப் போடுகிறேன். பங்கே இல்லாதவள் இந்த ஊரில் நான்தான். எதையாவது என்னிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்ல ஒருவரும் வரவில்லை, அவன் உள்பட.