ஓஸ்வால்ட் சாரின் எடை

1
இந்தக் கதை திருட்டுக் கதை. பெங்களூர் காக்ஸ் டவுனில் என் எதிர்வீட்டு ஓஸ்வால்ட் சார், எழுபத்தொன்பது வயது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வந்ததும் சொன்னது. "எங்கயும் எழுதிடாதப்பா" என்றும் சொன்னார்.

2
முதல் தொடக்கம்: 'ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. தரையெல்லாம் ரத்த...'

வேண்டாம். ரத்தம் வரவே இல்லை. வராத ரத்தத்தை வைத்து எப்படிக் கதை எழுதுவது?

3
ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முந்தைய நாள் வார்டில் சிஸ்டர் எல்லம்மா எடை கேட்டார்.

"எழுவத்திரெண்டு. எழுதிக்கோம்மா."

"மெஷின் மேல ஏறுங்க சார்."

"என் வெயிட் எனக்குத் தெரியாதா?"

[எல்லம்மாவை முதலில் சிடுசிடுப்பானவராக எழுதி அடித்துவிட்டேன். அவர் குரலையே உயர்த்தவில்லையாம்.]

அவர் பார்த்தது சாரின் பெல்ட்டை. ஆணியால் குத்திய மூன்று புது ஓட்டைகள்.

"ரத்தம் உறையாம இருக்க ஊசி போடுவாங்க சார். வெயிட்டுக்குத் தக்கதான் டோஸ். ஜாஸ்தியாச்சுன்னா உங்க வயசுல ரத்தம் நிக்காது. ஸ்வல்ப, கொஞ்சம் ஏறுங்க."

ஐம்பத்தைந்து.

4
மனைவி ஐரின் இறந்த பிறகு சார் ஒருவேளைதான் சாப்பிடுகிறார். மகள் கேத்தரின் போனில் கேட்டால், "ஆச்சும்மா" என்பார்.

"கேத்தரினுக்குத் தெரிய வேணாம்" என்றார் எல்லம்மாவிடம்.

"சொல்றதும் விடறதும் உங்க இஷ்டம் சார். சார்ட்டுல நான் பொய் எழுத மாட்டேன்."

எல்லம்மா டாக்டருக்கும் போன் போட்டார். எடையை அவர் திருப்பிச் சொல்லும்வரை வைக்கவில்லை. இல்லாத பதினேழு கிலோவுக்கான மருந்து சாரின் உடம்பில் ஏறவில்லை. (இதயத்துக்கு விடும் குழாய் தொடை வழியாகப் போகாமல் மணிக்கட்டு வழியாகப் போனதும் கசிவைக் குறைக்கத்தான்.) மறுநாள் கட்டு வெள்ளையாகவே இருந்தது.

எல்லம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் வேலை சரியாக நடந்தால் என்னைப் போன்றவர்களுக்கு எழுத ஒன்றும் கிடைக்காது.

5
முடிவு ஒன்று: கேத்தரின் அழுகிறாள். முடிவு இரண்டு: அப்பாவைத் தன் வீட்டுக்கே... இரண்டும் என் கைச்சரக்கு. சார் சொன்னது இவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் அன்று சீட்டைப் படித்த கேத்தரின், "என்ன டாடி, அம்பத்தஞ்சுன்னு போட்டிருக்காங்க? இவ்வளவு கேர்லெஸ்ஸா? இருங்க, கம்ப்ளெயின்ட் பண்றேன்" என்று சிஸ்டர் இருந்த மேசைக்கே போய்விட்டாள்.

எல்லம்மா சாரைப் பார்த்தார்.

அதற்குமேல் சார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாருடைய அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். அதற்கு முன், உங்கள் அப்பா கடைசியாக எப்போது எடை பார்த்தார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.